ஆதி தாளத்தில் அலறிய கம்ப்யூட்டர்

வீட்டில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் எனக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை ஒன்று உண்டு: டார்ச் பிடிப்பது. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று எல்லாத் துறையிலும் எனக்கு அனுபவம் இருக்கிறது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருப்பார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, செல்போன் வெளிச்சத்தை அவருக்கு வேண்டாத இடத்தில் பாய்ச்சிக்கொண்டிருப்பேன். “கொஞ்சம் லெஃப்ட்ல காட்டுங்க சார்” என்பார். “உங்க லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?” என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு எந்த மெக்கானிக்கும் பதில் சொன்னதில்லை. செல்போனை என் கையிலிருந்து வாங்கித் தன் வாயில் கவ்விக்கொள்வார்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நான் டார்ச்சுக்கு ஒரு படி மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம், எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்குள்ளவர் அவர். ‘என் இனிய இயந்திரா’வில் அவர் படைத்த ஜீனோ என்கிற ரோபோ நாய் மனிதர்களைவிட நன்றாக யோசித்துப் பேசும். அதைப் படித்து வளர்ந்தவன் என்பதால், மெஷினிடம் பக்குவமாகப் பேசினால் அதுவும் நம் பேச்சைக் கேட்கும் என்பது என் கட்சி. என் மகனின் கட்சி வேறு. “அப்பா, நீங்க பேசாம இருந்தாலே பாதி ரிப்பேர் குறையும்” என்பான்.

மகன் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்டுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்றான். “படம் வரையப் போறியா?” என்று கேட்டேன். அவன் பொறுமையாக விளக்கினான். விளையாட்டுக்காரர்களை மனதில் வைத்து உருவான சாமான்தான் அது. என்விடியா நிறுவனம் 1999-ல் ஜிஃபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்டபோது, திரையில் துப்பாக்கி வெடிப்பது நிஜம்போல் தெரிய வேண்டும் என்பதுதான் வாங்கியவர்களின் அதிகபட்சக் கவலை. 2006-ல் அதே நிறுவனம் கூடா என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, கார்டைப் பொதுக் கணக்கு போடவும் பழக்கியது. இன்று செயற்கை நுண்ணறிவு அதன் முதுகில்தான் சவாரி செய்கிறது. அவன் கேட்ட ஆர்.டி.எக்ஸ் 3060-ல் 3,584 குட்டி மையங்கள் ஒரே நேரத்தில் வேலை பார்க்குமாம். நினைவகம் 12 ஜி.பி.

“3,584 பேரா?” என்று வாய் பிளந்தேன். எங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிட்ட தட்டை எடுத்துப்போட இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இதே கார்டை அவன் பள்ளியில் படிக்கும்போதே கேட்டான். அது வந்தது 2021 பிப்ரவரியில். அமெரிக்காவில் அறிவித்த விலை 329 டாலர். ஆனால் அந்த விலைக்கு யாருக்கும் கிடைக்கவில்லை. ஈதீரியம் என்ற மெய்நிகர் காசைத் தோண்டுகிறவர்கள் கடையில் இருந்த கார்டையெல்லாம் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று ஈதீரியம் தோண்டும் முறையையே கைவிட்டது. கார்டு விலை தரைக்கு வந்தது. அதுவரை “பார்க்கலாம்” என்ற ஒரே வார்த்தையில் நான் காலம் தள்ளியதைக் கஞ்சத்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் அதைப் பொருளாதாரக் கொள்கை என்கிறேன்.

கார்டு வாங்க ரிச்சி தெருவுக்குப் போனோம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் வந்துவிடும். அண்ணா சாலைக்குப் பின்னால், நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்துக்கொண்டு, ஆள் அகலச் சந்துகளில் பரவிக் கிடக்கிற உலகம் அது. ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன தெரு. இப்போது கம்ப்யூட்டர், கேமரா, கேபிள், செல்போனின் உள்ளுறுப்புகள் எல்லாம் கிடைக்கும். டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு மாதிரி நமக்கு ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்கலாம்.

கடைப் பையன் என்னைப் பார்த்து, “கேமிங்கா சார், ரெண்டரிங்கா?” என்றான். “வீட்டு உபயோகம்” என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். மகன் அடுத்த கடைக்கு நகர்ந்து, என்னைத் தெரியாதவன்போல் கீபோர்டு பார்க்க ஆரம்பித்தான். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பில் போட்ட பிறகு, பையன் ஒரு சின்ன ஒயரை எடுத்துப் பைக்குள் போட்டான். “உங்க எஸ்.எம்.பி.எஸ்-ல 8 பின் ஒயர் இல்லன்னா இந்த கன்வர்ட்டர் போட்டுக்கங்க. ஃப்ரீ சார்.” இலவசம் என்றதும் என் மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி எத்தனை ரூபாய் என்பது பிறகு தெரிந்தது.

மாட்டுவதற்கு விஜயதசமியைத் தேர்ந்தெடுத்தோம். முந்தின நாள் ஆயுத பூஜையில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தோம். பெட்டியைத் திறந்தபோது அந்தச் சந்தனத்தோடு பல வருஷத்துச் சந்தனமும் காற்றுத் துவாரங்களில் காய்ந்து கிடந்தது. உள்ளே மெரினாக் காற்று கொண்டுவந்து சேர்த்த தூசி, இரண்டு பல்லி முட்டை, காணாமல்போன என் பேனா மூடி. மகன் கார்டை ஸ்லாட்டில் வைத்து அழுத்தினான். ‘டக்’கென்று பூட்டு விழுந்தது. கன்வர்ட்டரையும் மாட்டினான். நான் டார்ச் பிடித்தேன்.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன்கள் எல்லாம் சுழன்றன. திரை மட்டும் ‘நோ சிக்னல்’ என்றது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பீ...ப், பிப், பிப். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் பீ...ப், பிப், பிப்.

ஈஸிசேரில் சாய்ந்திருந்த மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிசம்பர் சீசனில் மியூசிக் அகாடமி, மற்ற நாட்களில் எந்த சபாவில் இலவசக் கச்சேரியோ அது என்று வாழ்கிறவர். கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. “மாப்பிள்ளை, நல்லா கேளுங்க. ஒரு லகு, ரெண்டு த்ருதம். இது ஆதி தாளம்!” என்றார்.

மகன் செல்போனில் தேடிவிட்டு அசந்துபோனான். பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே மதர்போர்டு, பயாஸ் என்ற தன் ஆரம்பப் புரோகிராமைக் கொண்டு உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். கோளாறு திரையைச் சேர்ந்தது என்றால் அதைத் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. அதனால் குரல் கொடுக்கிறது. அவார்டு என்ற பழைய பயாஸ் வழக்கத்தில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே பக்கம் தகராறு என்று பொருளாம். தாத்தா சொன்ன லகு, த்ருதக் கணக்கும் அதேதான். சங்கீதம் கம்ப்யூட்டருக்கு உதவாது என்று இனி யாரும் மாமனாரிடம் சொல்ல முடியாது. சொல்லவும் விடமாட்டார்.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். ரேஷன் ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவி என்று அவள் படம்தான் இருக்கிறது. தீர்ப்பு சொல்லும் அதிகாரமும் அவளுக்கே. “ஏங்க, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு? அந்தச் சனியனைப் பிடுங்கிட்டு ஓட்டிப் பாருங்க” என்றாள். வைதாள் என்றுதான் நினைத்தோம். ஆனால் அன்று யாரும் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான். எங்கள் பிராசசரிலேயே சாதாரண வேலைக்கான டிஸ்ப்ளே வசதி இருந்தது. கார்டைக் கழற்றி, ஒயரை மதர்போர்டில் குத்தினோம். கம்ப்யூட்டர் சாதுவாக எழுந்தது. மாட்டினால் ஆதி தாளம், கழற்றினால் அமைதி. “அப்ப கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்று தீர்ப்பை முடித்துவிட்டு, லஸ் நவசக்தி விநாயகருக்கு ஒரு சிதறுகாயும் வேண்டிக்கொண்டு போனாள்.

அதற்குள் செய்தி அடுக்ககம் முழுக்கப் பரவிவிட்டது. முதலில் வந்தவர் சங்கச் செயலாளர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். எந்த வீட்டில் எது நின்றாலும் காரணம் எர்த் என்பது அவர் சித்தாந்தம். டெஸ்டரை எல்லா பிளக்கிலும் குத்திப் பார்த்து, “எர்த் சரியில்லை” என்றார். போன மாதம் எங்கள் லிஃப்ட் நின்றதற்கும், அதற்கு முன் தன் மருமகன் வேலை போனதற்கும் அவர் சொன்ன காரணம் ஏறக்குறைய இதுதான்.

மகனின் நண்பன் வீடியோ காலில் வந்தான். “அங்கிள், எச்.டி.எம்.ஐ. ஒயரை எங்க குத்தியிருக்கீங்க? கார்டு போட்டா கார்டுல குத்தணும், போர்டுல குத்தக் கூடாது.” நியாயமான கேள்வி. புதுக் கார்டு மாட்டியவர்களில் பலரும் பழைய இடத்திலேயே ஒயரை விட்டுவிட்டு, கார்டு செத்துவிட்டது என்று அழுவார்களாம். நாங்கள் சரியாகத்தான் குத்தியிருந்தோம். சரியாகச் செய்திருந்தது ஏமாற்றமாக இருந்தது.

அடுத்த யோசனை அழிரப்பர். கார்டின் அடியில் வரிசையாக இருக்கும் தங்கப் பூச்சுப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டுவது, நம் ஊர் கம்ப்யூட்டர் ரிப்பேரின் பாலபாடம். கடல் பக்கத்து ஊரில் உப்பும் ஈரமும் சேர்ந்து எதன் மேலும் படலம் கட்டும் என்பதால் பழைய கார்டுக்கும் ராமுக்கும் இது நன்றாகவே பலிக்கும். அன்றைக்குப் பிரித்த கார்டுக்கு இது தேவையே இல்லை. இருந்தாலும் தேய்த்தோம். ஏதோ செய்தோம் என்ற திருப்தி பெரிது.

தி.நகரில் இருக்கிற மைத்துனர், “நம்ம தெருவுல ஒரு பையன் இருக்கான் மாமா, கை வெச்சா ஓடும்” என்றார். பெட்டியை ஆட்டோவில் ஏற்றினோம். பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ வேலைக்குத் திருப்பிவிட்ட வழியெல்லாம் சுற்றி, உஸ்மான் சாலையில் இறங்கி, தீபாவளி ஜவுளிக் கூட்டத்தில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நடந்தேன். புடவைப் பைகளுக்கு நடுவே என்னைப் பார்த்த ஒரு அம்மா, “ஆடித் தள்ளுபடியில வாங்கினதா? திருப்பி எடுத்துக்க மாட்டாங்களே” என்று வருத்தப்பட்டார். கை வைத்தால் ஓடும் என்ற பையன் பெட்டியைத் திறக்கவே இல்லை. “ஃபார்மேட் பண்ணிடலாம் சார்” என்றான். திரையே வராத மெஷினில் விண்டோஸை அழித்துப் போட்டு என்ன பயன் என்று மகன் கேட்டான். “வந்ததும் பண்ணிடலாம்” என்றான் அவன். வந்துவிட்டால் இவனிடம் எதற்கு வரவேண்டும் என்பதை நாங்கள் ஆட்டோவில் பேசிக்கொண்டோம்.

அடையாறு காந்தி நகரில் என் அக்கா மகன் இருக்கிறான். சாஃப்ட்வேர்க்காரன். வீட்டில் பெரிய மெஷின் வைத்திருக்கிறான். கார்டை அதன் வெள்ளிநிற உறையோடு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, பறக்கும் ரயிலில் கஸ்தூரிபா நகரில் இறங்கிப் போனோம். “மாமா, சந்தேகப்படறதுக்கு முன்னாடி வேற மெஷின்ல போட்டுப் பாக்கணும்” என்று தன் பெட்டியில் மாட்டினான். உடனே படம் வந்தது. கடைக்காரரைப் பற்றி வீட்டில் பேசியதையெல்லாம் நான் மனதுக்குள் வாபஸ் வாங்கினேன்.

இன்னொரு சாத்தியத்தையும் சொன்னான். புதிய மதர்போர்டுகள் யு.இ.எஃப்.ஐ. முறையில் எழுந்திருக்கின்றன. அந்த முறை தெரியாத ரொம்பப் பழைய கார்டைப் போட்டால் சி.எஸ்.எம். என்ற பழைய வழியையும் திறந்து வைத்தால்தான் படம் வரும். போர்டு பழசாகவும் கார்டு புதுசாகவும் இருந்தால் சில சமயம் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அதையும் செய்து பார்த்தோம். அந்த நேரம் பார்த்து கரன்ட் போய்விடக்கூடாது, போனால் போர்டே போய்விடும் என்றான் மகன். நான் யு.பி.எஸ். பக்கத்தில் காவல் நின்றேன். கரன்ட் போகவில்லை. ஆதி தாளமும் போகவில்லை.

மறுபடி பெட்டியோடு ரிச்சி தெரு. இந்த முறை கீழே விற்கிற கடைக்குப் போகாமல், ஒரு குறுகலான மாடிப்படி ஏறி, ரிப்பேர் மட்டும் பார்க்கிற பெரியவரிடம் போனோம். தலையில் விளக்கு கட்டியிருந்தார். என் பதவி வாசலிலேயே ரத்தாகிவிட்டது. விவரம் கேட்டார். கழற்றினால் ஓடுகிறது, கார்டு வேறு இடத்தில் ஓடுகிறது என்று மகன் சொன்னதும் கார்டை ஒதுக்கி வைத்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்-ஐக் கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார். “காத்து மாதிரி இருக்கே. கேபினெட்டோட வந்ததா சார்?” ஆமாம் என்றேன். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. “அதைப் படிக்காதீங்க. 12 வோல்ட்டுக்கு நேரா பாருங்க. 14 ஆம்பியர். 12-ஐ 14-ஆல பெருக்குங்க.”

168 வாட்.

“உங்க கார்டு மட்டும் 170 கேக்கும். பிராசசர் 65. அப்புறம் அது பாட்டு பாடாம என்ன செய்யும்?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சம்பளச் சீட்டில் மேலே ஒரு தொகை பெரிதாக இருக்கும். பி.எஃப்., சொசைட்டி, வருமான வரி எல்லாம் போய்க் கடைசி வரியில் ஒரு தொகை இருக்கும். 450 என்பது முதல் வரி. 168 என்பதுதான் கைக்கு வருவது. அதை நம்பிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த பெட்டிக்கு, 170 வாட் சாப்பிடுகிற விருந்தாளியைக் கூட்டிவந்திருக்கிறோம். முப்பதாம் தேதிக்கு முன்பே என் கை என்ன பாட்டு பாடுமோ அதைத்தான் அதுவும் பாடியது.

மீதி வாட்டெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். 5 வோல்ட், 3.3 வோல்ட் கம்பிகளில் என்றார். பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் அந்தக் கம்பிகளில்தான் குடித்தன. 2000-ல் பென்டியம் 4 வந்த காலத்திலிருந்து பிராசசர் 12 வோல்ட் பக்கம் திரும்பிவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அங்கேதான். ஸ்லாட் வழியாக 75 வாட் மட்டுமே வரும். அதற்குமேல் வேண்டுமானால் 6 பின் ஒயர் 75, 8 பின் ஒயர் 150 என்று தனியாகக் கொடுக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்-ல் 8 பின் ஒயரே இல்லை என்றால் அதற்கு அவ்வளவு தெம்பு இல்லை என்று அர்த்தம். எங்களுக்கு இலவசமாக வந்த கன்வர்ட்டர் ஒயரைத்தான் மாற்றியது, தெம்பை மாற்றவில்லை.

பெரியவர் தன் மேஜையில் சோதனைக்கு வைத்திருந்த கனமான எஸ்.எம்.பி.எஸ்-ஐ மாட்டிச் சுவிட்சைப் போட்டார். ஒரே ஒரு ‘பிப்’. திரையில் வெளிச்சம். மாமனார் இருந்திருந்தால் கச்சேரி பாதியில் நின்றது என்று வருந்தியிருப்பார்.

550 வாட்டில், 80 ப்ளஸ் சான்று உள்ள எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வாங்கினோம். இந்தக் கார்டுக்கு என்விடியாவே சிபாரிசு செய்வது 550 வாட்தான். அது அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருந்தது. பில்லைக் கூட்டிப் பார்த்தபோது, கீழ்க்கடையில் கிடைத்த அந்த இலவசம்தான் எங்கள் வீட்டிலேயே விலை உயர்ந்த ஒயர் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து யு.பி.எஸ்-ஐத் திருப்பிப் படித்தேன். 600 வி.ஏ. என்று பெரிதாக, 360 வாட் என்று பொடி எழுத்தில். இப்போது வீட்டில் எதைப் பார்த்தாலும் ஸ்டிக்கரைப் படிக்கிறேன். மனைவி தோசைக்கல்லை ஒளித்து வைத்திருக்கிறாள்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது. பெருமையைப் பங்கு போட்டாகிவிட்டது. விநாயகருக்கு சிதறுகாய் உடைத்தாயிற்று. ஓட வைத்தது அவர்தான் என்கிறாள் மனைவி. முதலில் கண்டுபிடித்தது தாளம்தான் என்கிறார் மாமனார். எர்த்தையும் ஒருமுறை பாருங்கள் என்கிறார் செயலாளர். ப்ராஜெக்ட் என்று சொல்லி ராத்திரி இரண்டு மணிக்கு மகன் அறையிலிருந்து வருகிற துப்பாக்கிச் சத்தத்துக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும். கேட்டால் 3,584 பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள் என்பதால் கேட்கவில்லை.

கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டிய பிறகு கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திரை ஒயர் கார்டில் இருக்கிறதா, கார்டு பூட்டு விழும்வரை உட்கார்ந்திருக்கிறதா, அதன் தலையில் மின்சார ஒயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். பிறகு அந்தக் கார்டை வேறு மெஷினில் மாட்டிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே ஓடினால், பெரும்பாலும் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ்-தான். இதைவிட நல்லது, வாங்குவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குவது. வருகிற தொகை கார்டுக்கும் பிராசசருக்கும் போதாது என்றால், சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கியதும் முதலில் எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள், அப்புறம் கார்டு. கன்வர்ட்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.